ரேகை எங்கே என்கிறார்கள்!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே காட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

இடம் சென்னை. வெளிநாட்டில் குடியேற விண்ணப்பித்தோரிடம் விரல்ரேகை பெறும் நிலையம். குளிரூட்டிய கூடம். மேசைமேல் ஒரு சிறு கருவி. அதன் கண்ணாடித் தகட்டில் பச்சை ஒளி. எதிரே எங்கள் நெருப்பெரிச்சல் அத்தை. வயது 61. குறித்துக் கொடுத்த நேரம் காலை 11 மணி. அதற்காக முதல்நாள் இரவே திருப்பூரில் சேரன் விரைவு வண்டி ஏறி, உட்கார்ந்தபடியே உறங்கி, விடியலில் வந்து இறங்கியவர். துணைக்கு நான்.

"நாலு விரலையும் சேர்த்து வையுங்கம்மா. அழுத்துங்க."

அழுத்தினார்.

"வரலை. துடைச்சிட்டு வையுங்க."

துடைத்தார், வைத்தார்.

"இன்னும் நல்லா அழுத்துங்கம்மா."

ஐந்தாம் முறை அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, என்ற விரலு செத்துப்போச்சுங்கறாங்களா?"

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்ன நாக்கு அன்று எழவில்லை, தோழர்களே!

யார் இந்த அத்தை? சலவைப் பட்டறைத் தொட்டியில், சலவைத்தூள் கரைத்த நீரில், 18 ஆண்டுகள் துணி அலசியவர். உடல் தளர்ந்த பிறகு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவர், இன்றும் வெட்டுகிறவர். எங்கள் ஊரின் பெயரிலேயே நெருப்பும் உண்டு, எரிச்சலும் உண்டு. அந்த இரண்டும் ஒரு தாயின் உள்ளங்கையில் குடியிருந்ததை அன்றுதான் கண்டேன். அந்தக் கையின் கூலியில் படித்துச் செவிலியானாள் மகள். இன்று கனடாவின் டொராண்டோவில் நிலைத்த குடியுரிமம் பெற்று வாழ்கிறாள். தாயை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தாள். பதில் வந்தது: "விரல்ரேகை கொடு!"

2018 டிசம்பர் 31 முதல் இந்தியர்களிடம் கனடா இதைக் கேட்கிறது. 14 வயதுப் பள்ளிச் சிறுமி முதல் 79 வயது முதியவர் வரை விரல் வைக்க வேண்டும். கட்டணம் ஆளுக்கு 85 கனடா டாலர். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். கனடா மட்டுமா? ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2015 நவம்பரிலிருந்து கேட்கின்றன.

"ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்! தன் வாயிலில் நிற்பவர் யாரென்று கேட்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. நான் கேட்பது வேறு. கருவிக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் குற்றம் கருவியினுடையதா, கையினுடையதா? எழுத்துத் தெரியாதவன் ஏட்டைக் கிழித்த கதையாக அல்லவா இருக்கிறது!

இந்தக் கருவியின் பாட்டன் பிறந்த இடம் எது தெரியுமா? லண்டன் அன்று, வங்கம்! 1858இல் ஜங்கிபூரில், வில்லியம் ஹெர்ஷல் என்னும் வெள்ளை அதிகாரி, சாலைக்குக் கப்பி கொடுக்க ஒப்பிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்தார். 'இது என் கையெழுத்து அன்று' எனப் பின்னர் மறுத்துவிடக் கூடாதாம்! பிறக்கும்போதே சந்தேகத்தில் பிறந்த பிள்ளை இது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காப்பகம் எழுந்தது. ரேகைகளை வகைபிரிக்கும் முறையைச் சமைத்துக் கொடுத்த கைகள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியருடையவை. முறைக்கு நிலைத்த பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்! நாம் தைக்கும் சட்டையின் கழுத்துப்பட்டியில் அயல்நாட்டான் பெயர் ஏறுகிறதே, அதே கதை அன்றே நடந்திருக்கிறது.

அந்த மை கடல் கடந்தது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர் ஒவ்வொருவரும் பத்து விரலையும் பதித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும், காவலன் கேட்டால் காட்ட வேண்டும் என்றார்கள். 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடி, "பணியோம்!" என்று சூளுரைத்தனர் நம்மவர். 1907இல் சட்டம் வந்தது, சிறை நிறைந்தது. "காந்தியாரே விரல் பதித்தாரே!" என்று மடக்குவோர் உண்டு. பதித்தார். 1908 தொடக்கத்தில், சட்டம் நீங்கும் என்று ஸ்மட்சின் உடன்பாட்டை நம்பித் தாமாகப் பதித்தார். சட்டம் நீங்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல் ஹமீதியா மசூதி முன்றிலில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட சான்றுகள் கொப்பரையில் எரிந்தன. சாமி நாகப்பன் என்ற 18 வயதுத் தமிழ் இளைஞன் சிறைக் குளிரில் நலிந்து 1909இல் மாண்டான். நாடு கடத்தப்பட்டு, கரையிறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910இல் மாண்டார்.

சென்னை நிலையம் டிரான்ஸ்வால் அன்று, அறிவேன். அங்கிருந்த இளைஞர் பண்பானவர், அத்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆயினும் ஏழையின் சொல்லை நம்பாதே, விரலை நம்பு என்ற பழைய பாடம் இன்னும் மாறவில்லையே! இப்போது விரலையும் அல்லவா நம்ப மறுக்கிறது!

2023-24ஆம் ஆண்டில் 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆடை ஏற்றியது திருப்பூர். அத்தை பிசிறு வெட்டிய சட்டைகள் அதில் எத்தனை! அவை டொராண்டோவுக்கும் போயிருக்கும். சட்டைக்குச் சுங்கம் உண்டு, சோதனை உண்டு. ஆனால் ஐந்து முறை அழுத்திப் பார்த்து, 'நீ சட்டைதானா?' என்று எவனும் கேட்டதில்லை.

அயலானை மட்டும் ஏசி என்ன பயன்? 2020 அக்டோபரில் நம் நியாயவிலைக் கடைக்கும் விரல்ரேகை வந்தது. அங்கேயும் இதே விரல், இதே அழுத்தல், பின்னால் வரிசையில் நிற்போரின் முணுமுணுப்பு. விரலைக் கேட்கும் அரசு எதுவாயினும், நம்முடையதே ஆயினும், தேய்ந்த விரலுக்கு மாற்றுவழியை அந்த இடத்திலேயே, அந்த வேளையிலேயே தர வேண்டும். முகம் இருக்கிறது, கருவிழி இருக்கிறது, கடவுச்சீட்டு இருக்கிறது. தில்லியின் வெளியுறவு அமைச்சகம் பிற நாடுகளோடு பேசும்போது ஆடை ஏற்றுமதிக்காக வாதாடுகிறது, நல்லது. ஆடை செய்த விரலுக்காகவும் ஒரு வரி பேசட்டும்: "உழைத்துத் தேய்ந்த கையை இருமுறை அலைக்கழிக்காதீர்!" பெரிய சலுகையா இது?

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. ரேகை தெளிவில்லை, மீண்டும் வருக.

கைக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை ஓரளவு திரும்பும் என்றார் மருத்துவர். அத்தை இருபது நாளாகக் கத்தரி பிடிக்கவில்லை. கூலி இல்லை. இரவுதோறும் தேங்காய் எண்ணெய் தடவி, விளக்கருகே விரலை நீட்டி, "வந்திருக்குதா பாரு கண்ணு" என்று என்னிடம் காட்டுகிறார். வரும் வியாழன் இரவு அதே வண்டி. இம்முறை அத்தைக்குக் கீழ்ப்படுக்கை வாங்கிவிட்டேன்.