காய்ச்சல் பார்க்கப் போனவர்



பிள்ளைக்கு மேல் சுடுகிறது என்றால் முதலில் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறோம். சந்தேகம் தீராவிட்டால் தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். ஒரு கோடி டிகிரிக் காய்ச்சலை எதை வைத்துப் பார்ப்பது? அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே 1960-களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு குழுவினர் மாஸ்கோவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் டெரிக் ராபின்சன். அணுக்கரு இணைவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் அவர் நினைவுதான் வரும்.

ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஹீலியமாகும்போது வெளிப்படும் ஆற்றலால்தான் சூரியன் எரிகிறது. அதைப் பூமியில் செய்ய வேண்டுமானால் வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். அந்த நிலையில் அது பிளாஸ்மா ஆகிவிடும். சுவரில் பட்டால் பிளாஸ்மாவும் ஆறிப்போகும், சுவரும் பாழாகும். எனவே எதிலும் படாதபடி காந்தப்புலத்தால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இந்த முயற்சியில் பிரிட்டன் ஒருமுறை சூடுபட்டிருந்தது. ஹார்வெல்லில் இருந்த ஜீட்டா என்ற கருவியில் இணைவு நிகழ்ந்துவிட்டதாக 1958 ஜனவரியில் உலகத்துக்கே அறிவித்தார்கள். சில மாதங்களில், இணைவுக்குச் சான்றாகக் காட்டிய நியூட்ரான்கள் உண்மையான வெப்பத்தால் வந்தவை அல்ல என்று தெரிந்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஜீட்டாவில்தான் பின்னாளில் ராபின்சன் தொழில் பழகினார். கொந்தளித்துக்கொண்டே இருக்கும் அந்தப் பிளாஸ்மா ஒரு கட்டத்தில் தானாக அடங்குவதை அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் அளந்து காட்டினார்கள். தலைகுனிவைத் தேடித்தந்த கருவியிடமிருந்தும் கற்க ஏதோ இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருந்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது.

1968-இல் நோவோசிபிர்ஸ்க்கில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி லெவ் ஆர்ட்சிமோவிச் எழுந்து, டி-3 என்ற தங்கள் டோக்காமாக்கில் எலெக்ட்ரான்களின் வெப்பம் ஒரு கோடி டிகிரியை எட்டிவிட்டது என்றார். டோக்காமாக் என்பது உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள வளையம். சுற்றிலும் காந்தச் சுருள்கள். மேற்கு நாட்டு விஞ்ஞானிகள் நம்பவில்லை. ஒருசில எலெக்ட்ரான்கள் மட்டும் தறிகெட்டு ஓடினாலும் சோவியத் கணக்கு அப்படித்தானே காட்டும் என்றார்கள். ஜீட்டாவில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு அது நியாயமான சந்தேகமும்கூட. ஆர்ட்சிமோவிச் கோபித்துக்கொள்ளவில்லை. ‘நீங்களே வந்து அளந்து பாருங்கள்’ என்று பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்தின் தலைவர் பாஸ் பீஸிடம் கேட்டுக்கொண்டார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. மாஸ்கோவில் அணு ஆராய்ச்சி நடக்கும் குர்ச்சாத்தவ் நிறுவனத்தின் கதவை எதிர்முகாமுக்குத் திறந்துவிட்டார் என்றால், தன் அளவின் மீது அவருக்கு எவ்வளவு உறுதி இருந்திருக்க வேண்டும்!

கல்ஹாமிலிருந்து, இருபதுகளில் இருந்த ராபின்சனோடு நிக்கோல் பீக்காக், மைக் ஃபாரஸ்ட், பீட்டர் வில்காக் ஆகியோர் சேர்ந்தார்கள். சுமார் ஐந்து டன் எடையுள்ள கருவிகள் மாஸ்கோவுக்குப் போயின. ரூபி லேசரின் சிவப்பு ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்ச வேண்டும். எலெக்ட்ரான்கள் அதில் மிக மிகச் சிறிய பங்கைச் சிதறடிக்கும். அவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றனவோ அவ்வளவுக்குச் சிதறிய ஒளியின் நிறம் இரண்டு பக்கமும் விரியும். அந்த விரிவுதான் தெர்மாமீட்டர். ஆனால் பிளாஸ்மாவே பிரகாசமாக ஒளிரும் பொருள். அதற்குள் இந்தச் சிதறலைத் தேடுவது பட்டப்பகலில் மின்மினியைத் தேடுவது போல. ஆகவே லேசரைக் கண்சிமிட்டும் நேரத்தில் பல லட்சத்தில் ஒரு பங்குக்குச் சுருக்கிப் பாய்ச்சி, அந்த நொடித் துணுக்கில் வந்த ஒளியை மட்டும் எண்ண வேண்டும். இதை ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

சோவியத்காரர்கள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. ஒருசில எலெக்ட்ரான்கள் மட்டுமல்ல, மொத்தக் கூட்டமுமே அவ்வளவு சூடாக இருந்தது. 1969 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. நான்கு பிரிட்டிஷ்காரர்களோடு ஒரு சோவியத் விஞ்ஞானியின் பெயரும் அதில் இருந்தது.

போட்டியாளர் முந்திவிட்டார் என்பதைத் தங்கள் கையாலேயே அளந்து, தங்கள் நாட்டுக்கும் உலகத்துக்கும் சொன்னார்கள். இதைவிடச் சுத்தமான விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகம் தான் வளர்த்த ஸ்டெல்லரேட்டர் என்ற வேறு வகைக் கருவியை அடுத்த ஆண்டே டோக்காமாக்காக மாற்றியது. மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. காந்திநகரில் நம்முடைய ஆதித்யா 1989-இல் இயங்கத் தொடங்கியபோது அதுவும் டோக்காமாக்தான்.

ராபின்சன் கல்ஹாமிலேயே தங்கினார். வடையின் துளையைச் சுருக்கி, விதை எடுத்த ஆப்பிள் போலப் பிளாஸ்மாவை உருட்டினால் குறைந்த காந்தப்புலத்திலேயே அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்ற யோசனையை அவர் முன்னெடுத்துச் சென்றார். இதைச் சோதிக்க 1991-இல் தொடங்கிய ஸ்டார்ட் என்ற சிறிய கருவி, காந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீத அளவுக்குப் பிளாஸ்மா அழுத்தத்தைத் தாங்கிக் காட்டியது. அதன் வாரிசான மாஸ்ட் 1999 இறுதியில் இயங்கத் தொடங்கியபோது, கல்ஹாம் இணைவு ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர் அவரே.

2002 டிசம்பரில் 61 வயதில் காலமானார். ஐட்டர் என்ற மாபெரும் பன்னாட்டு டோக்காமாக்கை எந்த நாட்டில் கட்டுவது என்று முடிவாவதற்கே அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் ஆயின. தெற்குப் பிரான்சில் அதன் கட்டுமானம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.