புள் என்னும் கருப்பொருள்

அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி, 58 ஏக்கர் கழிநிலத்தில் அமைந்த பூங்காவுக்குத் தொல்காப்பியத்தின் பெயர். 2011 ஜனவரியில் அதைத் திறந்துவைத்த மு. கருணாநிதி கோபாலபுரத்துக்காரர், 'தொல்காப்பியப் பூங்கா' என்ற நூலையும் முன்பே எழுதியவர். பெயர் பொருத்தமானதே என்பது எங்கள் எண்ணம். நிலத்தின் கருப்பொருள்களுள் புள்ளையும் வைத்த இலக்கணம் அது. பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை எனத் தனிச்சொல்லும் தந்தது.

உறுத்துவது வேறொன்று. அங்கே இலக்கிய நண்பர்களோடு நீரோரம் நடந்தால் சூத்திரம் ஒப்பிப்போர் பலர். எதிரே நிற்பது சின்னக்கொக்கா, மடையானா என்று சொல்வோர் மிகச் சிலர். இத்தனைக்கும் மடையானை அறிவது எளிது: அமர்ந்திருக்கையில் சேற்று நிறம், எழும்பினால் வெள்ளைச் சிறகு. நம் சிறுகதைகளிலோ 'பெயர் தெரியாத பறவை' ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் செம்போத்தாகவோ குக்குறுவானாகவோதான் இருக்க வேண்டும்!

காட்டுக்குப் போக நேரமில்லை என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கிலத்தில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவரது தமிழ்க் கட்டுரை நூலின் பெயர் 'மழைக்காலமும் குயிலோசையும்'. குயிலோசைக்குக் காடு எதற்கு? கோபாலபுரத்து வேப்பமரம் போதும். கூவுவது கரிய ஆண்குயில்; புள்ளியிட்ட பெண்ணுக்கு அந்தப் பாட்டு இல்லை. நம் கவிஞர்கள் இன்னும் பெண்குயிலையே பாடவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.