ஆட்டத்தை விலைபேசுவது தனிக் குற்றமாக வேண்டும்

கிரிக்கெட்டில் சூதாட்டப் புகார் வெடிக்கும்போதெல்லாம் விலைபோன ஆட்டக்காரர் யார், அவருக்கு வாரியம் எத்தனை ஆண்டு தடை போட்டது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. விலைக்கு வாங்கியவன் என்ன ஆனான் என்று கேட்பார் இல்லை. அவன் வாரியத்தின் ஆள் அல்ல; தடை அவனை ஒன்றும் செய்யாது. ஆகவே, ஆட்டத்தை விலைபேசுவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இருக்கிற சட்டம் போதும் என்பவர்கள் கர்நாடகத்தைப் பார்க்கட்டும். கர்நாடக பிரீமியர் லீக் விவகாரத்தில் ஆட்டக்காரர்கள், அணி உரிமையாளர், புக்கி எனச் சொல்லப்பட்டவர் ஆகியோர் மீதான வழக்கை 2022 ஜனவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரசிகர்களுக்கு இது ஏமாற்றுவேலையாகத் தோன்றலாம். ஆனால் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்படி ஒருவரை ஏய்த்துப் பொருளைப் பறித்திருக்க வேண்டும், டிக்கெட்டையோ மக்கள் தாமாக வாங்குகிறார்கள் என்றது தீர்ப்பு. நீதிபதியைக் குறை சொல்வதற்கில்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத குற்றத்துக்கு அவர் எங்கே போவார்?

பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கினால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பது அடுத்த வாதம். இங்கிலாந்தில் பந்தயம் சட்டபூர்வமானது. அங்கேதான் 2010 லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தான் வீச்சாளர்கள் முன்கூட்டியே பேசிவைத்த பந்துகளில் நோபால் வீசினார்கள். பந்தயத்தில் மோசடி செய்வது தனிக் குற்றம் என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னதால்தான் 2011இல் மூன்று ஆட்டக்காரர்களும் ஏஜென்டும் சிறைக்குப் போனார்கள். அதிகபட்சத் தண்டனை, 32 மாதம், ஏஜென்டுக்கு. பந்தயத்தை அனுமதிக்கலாம் என்ற, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவே பிக்சிங்கைக் குற்றமாக்கவும் சொன்னது. முதல் யோசனையில் முடிவு வரும்வரை இரண்டாவதைக் கிடப்பில் போடக் காரணமே இல்லை.

மோசமாக ஆடியவரையெல்லாம் போலீஸ் இழுத்துப்போகுமே என்ற அச்சம் நியாயமானது. கால் ஓரங்குலம் தாண்டினாலும் நோபால்தான். அதனால் பந்தை வைத்து அல்ல, கைமாறிய பணத்தையும் கொடுத்த வாக்கையும் வைத்தே குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். 2019இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. வந்த பேரத்தைச் சொல்லாமல் மறைப்பதும் அங்கே குற்றம். துணிச்சலான சட்டம், சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டாவது அம்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ள நாங்கள் தயங்குகிறோம். புகார் சொல்பவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும்.

டெல்லி செய்யட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் விளையாட்டு 33ஆவது, பந்தயமும் சூதாட்டமும் 34ஆவது. 2013 ஐபிஎல் பிக்சிங் புயலில் மத்திய அரசு எழுதிய வரைவு மசோதா சட்டமாகவே இல்லை. இங்கோ, முன்பின் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் தூண்டில் போடுவதாக தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டக்காரர்கள் சிலர் 2019இலேயே வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் தாங்களாக முன்வந்து சொன்னார்கள். அந்தச் செய்தியை அனுப்பியவன் மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்பதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.