தவணைத் தேதியும் மனநிம்மதியும்

கடன் வாங்கியவர் ஒருவர் தவணையைத் தவறவிட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, கையில் பணம் இல்லை. மற்றொன்று, ஆளுக்குப் பொறுப்பு இல்லை. பணமுடை மனிதனின் கவனத்தையே தின்றுவிடுகிறது என்ற மூன்றாவது காரணத்தை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் சில ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்த ஆராய்ச்சிகளுள் முக்கியமான மூன்று நம் நாட்டிலேயே நடந்தவை. வங்கியோடு உறவுள்ள ஒவ்வொருவரும் அவற்றை அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறோம்.

முதலாவது, தமிழ்நாட்டின் கரும்பு வயல்களில் நடந்தது. கரும்பு பயிரிடுபவருக்குப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கரும்பு முற்றிவிட்டது என்பதற்காக அவர் நினைத்த நாளில் வெட்டிவிடவும் முடியாது. ஆலையின் அரவைத் திறனுக்கு ஏற்ப வெட்டு உத்தரவு முறைவைத்து வரும். அதனால் அடுத்தடுத்த வயல்காரர்களுக்குள்ளேயே ஒருவர் கையில் பணம் முன்னதாகவும் மற்றவர் கையில் மாதங்கள் கழித்தும் வந்து சேர்கிறது. விவசாயிக்குச் சங்கடமான இந்த ஏற்பாடு ஆராய்ச்சியாளர்களுக்கு வசதியாக அமைந்தது. ஒரே பருவத்தில், ஒரே வட்டாரத்தில், பணம் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட முடிந்ததல்லவா?

அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள்; பின்னர் அது 4 சதவீதமாகக் குறைந்தது. இதில் வியப்பு ஏதுமில்லை. அவர்களிடம் செய்த சிந்தனைச் சோதனைகளில்தான் வியப்பு இருந்தது. சோதனைகளுள் ஒன்று எளிமையானது. தாளில் 5 5 5 என்று அச்சிட்டிருக்கும். எத்தனை எண்கள் உள்ளன என்று கேட்பார்கள். மூன்று என்பதே சரியான விடை. ஆனால் வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கக் கவனம் வேண்டும். அறுவடைக்கு முன் இதே விவசாயிகள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கூடுதல் பிழையும் செய்தார்கள். வடிவப் புதிர்களிலும் அப்படியே. பழக்கத்தால்தான் இரண்டாம் முறை நன்றாகச் செய்தார்களோ என்ற ஐயத்தைப் போக்க, அறுவடைக்குப் பின்பே முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட ஒரு குழுவையும் வைத்திருந்தார்கள். ஆள் அதே ஆள், அறிவும் அதே அறிவு. மனத்தில் இடம் மட்டும் குறைந்திருந்தது.

2013இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானபோது, வறுமை அறிவுத்திறனில் 13 புள்ளிகளைப் பறிக்கிறது என்று செய்தித்தாள்கள் முழங்கின. அந்த எண்ணை மட்டும் தூக்கிப்பிடிப்பது சரியன்று. ஆய்வின் கணக்கீட்டு முறைமீது மற்ற அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த வேறோர் ஆய்வில் சிந்தனைத் திறனில் வேறுபாடு தென்படவில்லை. மாதச் சம்பளத்துக்குச் சில நாள் காத்திருப்பதும், வெட்டு உத்தரவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஒன்றல்ல என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும் தாளில் நடக்கும் சோதனையை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வருவதும் பொருந்தாது.

ஆகவே இரண்டாவது ஆராய்ச்சி நமக்கு மேலும் முக்கியமாகிறது. ஒடிசாவில் வேலை குறைவான பருவத்தில், மர இலைகளைக் குச்சியால் தைத்து உண்ணும் தட்டு செய்யும் தொழிலாளர்களிடம் அது நடந்தது. நம் ஊர்களில் மந்தாரை இலை தைப்பதைப் போன்ற வேலை. எத்தனை தட்டோ அத்தனை கூலி. ஒரு பகுதியினருக்கு மட்டும், அதுவரை உழைத்ததற்கான கூலியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். மொத்தக் கூலியில் ஒரு பைசாவும் கூடவில்லை. கையில் வந்த நாள் மட்டுமே மாறியது. பணம் பெற்றவர்களில் பலர் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அடுத்த நாட்களில் அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை 6 முதல் 7 சதவீதம் வரை உயர்ந்தது. கவனக்குறைவால் நேரும் பிழைகள் குறைந்தன. அவர்களுள்ளும் மிக ஏழைகளிடமே இந்த மாற்றம் அதிகமாக இருந்தது. கடன்காரரின் முகம் கண்முன் நிற்கும்போது குச்சி பிடித்த கை தடுமாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

மூன்றாவது ஆராய்ச்சி வங்கித் தொழிலுக்கே நேரடியாகப் பாடம் சொல்வது. கொல்கத்தாவில் சிறுகடன் பெற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாரத் தவணையும் மற்றவர்களுக்கு மாதத் தவணையும் விதிக்கப்பட்டன. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கைப்பேசியில் அழைத்து அவர்களின் மனநிலையை விசாரித்தார்கள். தவணையை எண்ணிக் கவலையும் பதற்றமும் அடைவதாகச் சொன்னவர்கள், வாரத் தவணைக்காரர்களைவிட மாதத் தவணைக்காரர்களிடையே 51 சதவீதம் குறைவு. கடனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் நேரமும் அவர்களுக்குக் குறைந்தது. 2012இல் வெளிவந்த ஆய்வு இது. அடிக்கடி வசூலித்தால்தான் ஒழுங்கு வரும் என்பது கடன் கொடுப்போரிடையே நெடுநாளைய நம்பிக்கை. ஆனால் மாதத் தவணையால் கடன் தவறுதல் கூடவில்லை என்பதை அதே நகரில் நடந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

இதைக் கேட்டதும், தவணையை எவ்வளவு தளர்த்தினாலும் நல்லதுதான் என்று யாரேனும் முடிவு கட்டினால் அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தபோது, கடனாளிகளின் தொழில் முதலீடும் லாபமும் உயர்ந்தன. ஆனால் திருப்பிச் செலுத்தத் தவறியவர்களும் கூடினார்கள். வங்கியில் இருப்பது வைப்புத்தொகை வைத்த மற்றொரு வாடிக்கையாளரின் பணம். அதை மறந்துவிட்டுக் கருணை காட்ட இயலாது. நாம் வேண்டுவது தவணையைக் குறைப்பதோ ஒத்திப்போடுவதோ அன்று. வருமானம் வரும் நாளோடு தவணை நாளைப் பொருத்துவதையே வேண்டுகிறோம்.

இது புதுமையும் அன்று. பயிர்க்கடன் திருப்பிச் செலுத்தும் காலம் அறுவடையையும் விற்பனையையும் ஒட்டியே வகுக்கப்படுகிறது. உழவருக்கு ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தைத் தையல் கடைக்காரருக்கும், ஒப்பந்த ஊழியருக்கும், வாடகை வண்டி ஓட்டுநருக்கும் ஏன் விரிவாக்கக் கூடாது? சம்பளம் 7ஆம் தேதி வருகிற ஒருவருக்குத் தவணை 5ஆம் தேதி தானாகக் கழியும்படி அமைந்துவிடுகிறது. அந்த இரண்டு நாள் இடைவெளியில் கணக்கில் பணம் போதாமல் போனால், கணக்கு வைத்திருக்கும் வங்கியும் கடன் கொடுத்த நிறுவனமும் தனித்தனியே கட்டணம் பிடிக்கக்கூடும். அவர் பொறுப்பற்றவர் அல்லர், தேதிதான் பொருந்தவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு நாட்களுக்காக யாரிடம் கைமாற்று கேட்பது என்று நினைத்துக்கொண்டே அவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைக்குப் பாடம் சொல்கிறார், வண்டி ஓட்டுகிறார்.

இந்தக் கவலை நீடிக்கும்போது அது நோயாகவும் மாறுகிறது. மிகக் குறைந்த வருமானம் உடையோருக்கு மனச்சோர்வும் மிகைப்பதற்றமும் ஏற்படும் வாய்ப்பு, செல்வர்களைக் காட்டிலும் 1.5 முதல் 3 மடங்கு வரை அதிகம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. வறுமை மனத்தைச் சோர்வடையச் செய்கிறது. சோர்ந்த மனம் வருமானத்தைக் குறைக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டுப் பத்திரம் வைத்திருப்போர் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.

விதிகள் ஓரளவு வழிகாட்டத் தொடங்கியுள்ளன. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் தெளிவுபடுத்தியது. 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில்களின் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்களை ஒரே அறிக்கையாக, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே கவலையால் நிரம்பிய மனம் இருபது பக்க ஒப்பந்தத்தைப் படிக்காது. இரண்டு பக்கத்தைப் படிக்கக்கூடும்.

அந்தப் பக்கங்களில் வட்டி விகிதம் இருக்கிறது, கட்டணங்கள் இருக்கின்றன, தவணைகளின் எண்ணிக்கையும் இருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் இன்னும் ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்பது நம் கருத்து: உங்கள் கைக்குப் பணம் எந்த மாதத்தில், எந்தத் தேதியில் வருகிறது? வங்கி அதைக் கேட்கும் வரை, கையொப்பமிடும் முன் வாடிக்கையாளரே அதைச் சொல்லித் தேதியை மாற்றித் தரும்படி கேட்கலாம்.