தாயகப் பண்ணைகளுக்குப் போகும் பணமும் போகாத ஆய்வும்

சுவிற்சர்லாந்தில் நெல் விளைகிறது என்ற செய்தி புலம்பெயர் தமிழர் பலருக்கு இன்றும் வியப்பளிக்கக்கூடும். ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, திச்சீனோ மாநிலத்தில் மஜோரே ஏரியை அண்டிய சமவெளியில் 1997ஆம் ஆண்டு முதல் நெல் பயிரிடப்பட்டு வருகிறது. அது நீர் நிறுத்தாத மேட்டுநிலச் செய்கை. மலைக்கு வடக்கே, குளிரும் மூடுபனியும் மிகுந்த பகுதியில் நீர் நிறுத்திய வயலில் நெல் விளையுமா என்ற கேள்வியை, சுவிஸ் அரசின் விவசாய ஆய்வு நிறுவனமான அக்றோஸ்கோப் 2017ஆம் ஆண்டில் வயலில் இறங்கிச் சோதிக்கத் தொடங்கியது.

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பேர்ண், பிறிபூர்க் மாநிலங்களில் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த நிலங்கள் வடிகால் குழாய்கள் இட்டு விளைநிலங்களாக்கப்பட்டவை. அக்குழாய்கள் பழுதடைந்துவிட்டன. மண் தாழ்ந்து, மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது. பெருஞ்செலவில் மீண்டும் குழாய் பதிப்பதா, அல்லது ஈரத்தை விரும்பும் பயிர் ஒன்றை விளைவித்து விவசாயிக்கு வருமானமும் தவளைக்கும் தும்பிக்கும் நீர்ப்பறவைக்கும் இருப்பிடமும் கொடுப்பதா என்பதே ஆய்வாளர்கள் முன்னிருந்த தெரிவு. வைகாசியில் நாற்று நட்டுப் புரட்டாதியில் அறுவடை செய்யும் குறுகியகால இத்தாலிய இனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பூக்கும் காலத்தில் குளிர் தாக்கினால் கதிர் பதராகிவிடும் என்பதால் எந்த இனம் தாங்குகிறது, களையை எவ்வாறு அடக்குவது, நீர் நிறுத்திய வயலிலிருந்து வெளியேறும் மீதேன் வாயு எவ்வளவு, அதைக் குறைக்க நீரை எப்போது வடிப்பது என ஒவ்வொன்றும் தனித்தனியே அளக்கப்பட்டது. இவையெல்லாம் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே, அவர்களையும் பங்காளராக்கி நடந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. அந்த அரிசியின் விலையைத் தமிழ்க் கடைச் சம்பாவின் விலையோடு ஒப்பிடவே இயலாது. ஆனாலும் அதற்கு வாங்குவோர் இருக்கின்றனர்.

நெல் வளர்ப்பதில் தமிழருக்குச் சுவிஸ்காரர் கற்பிக்க அதிகம் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஒரு புதிய பயிரைத் தொடங்கும்போது முதல் சில ஆண்டுகளின் அறியாமைக்கான விலையை யார் செலுத்துவது என்ற கேள்விக்கு இந்நாடு ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விலை முழுவதையும் விவசாயியின் தலையில் கட்டுவதில்லை.

சோயா இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. லேமன் ஏரிக்கரையில் நியோன் நகருக்கு அருகிலுள்ள சாங்ஜான் ஆய்வு நிலையத்தில் 1981ஆம் ஆண்டிலேயே சோயா இனவிருத்தி தொடங்கப்பட்டது. வெப்பநாட்டுப் பயிரான சோயா, பூக்கும் வேளையில் குளிரடித்தால் காயை உதிர்த்துவிடும். குளிர் தாங்கும் இனங்களைத் தெரிந்து, கலந்து, மீண்டும் தெரிந்து, பின்னர் அவற்றின் பருப்பு உணவாக உண்ண ஏற்ற சுவையுடையதா என்றும் பார்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பணி தொடர்ந்துள்ளது. மனித உணவுக்கான பருப்பு வகைகளைப் பயிரிடுவோருக்குச் சிறப்புக் கொடுப்பனவு 2023ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. சந்தை தயாராகும்போது விதை தயாராக இருந்தது. மென்பொருளில் பிழை கண்டால் அன்றிரவே திருத்திவிடலாம். பயிரில் கண்ட பிழையைத் திருத்த அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை உணராதவர் விவசாயத்தில் முதலிடுவது ஆபத்தானது.

விலங்கு வளர்ப்பிலும் இதே பொறுமையைக் காணலாம். 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லோட்ச்பேர்க் அடித்தளச் சுரங்கப்பாதையின் வடக்கு வாயிலில், புறுற்றிகன் என்னும் ஊரில், மலையின் உள்ளிருந்து ஏறத்தாழ 20 பாகை வெப்பமுள்ள நீர் இடைவிடாது வெளியேறுகிறது. அதை அப்படியே கண்டர் ஆற்றில் விட்டால் குளிர்நீரில் முட்டையிடும் மீனினத்துக்குக் கேடு. குளிரவைத்து விடுவதற்கோ மின்சாரம் வேண்டும். சுரங்கப் பொறியியலாளரிடையே எழுந்த யோசனையின்படி, அந்த வெப்பம் மீன்தொட்டிகளுக்கும் கண்ணாடிக் கூடங்களுக்கும் திருப்பப்பட்டது. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த வெப்பமண்டலப் பண்ணையில் வாழையும் பப்பாசியும் காய்த்தன. ஸ்டேர்ஜன் மீன் முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் எடுக்கும் என்பது தெரிந்தே அதில் பெருநிறுவனம் ஒன்று முதலிட்டது. றைன்பெல்டனில் உப்பாலையின் அருகே, அதன் கழிவு வெப்பத்தைப் பயன்படுத்தி இறால் வளர்க்கப்படுவதும் இவ்வகையிலேயே. 2017ஆம் ஆண்டு மே மாதம் முதல் மூன்று வகைப் பூச்சிகளை உணவாக விற்கவும் சட்டம் இடமளித்தது. அதைப் பற்றித் தமிழ் அம்மாமாரிடம் பேசாமல் இருப்பதே நல்லது.

புதிய முயற்சிகளுக்கான பணம் வழங்கப்படும் முறையும் கவனிக்கத்தக்கது. இன்னோசுவிஸ் எனப்படும் கூட்டாட்சி நிறுவனம் ஒரு கம்பனியும் ஓர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கொண்டுவரும் திட்டங்களுக்கு உதவுகிறது. அரச பணம் வழக்கமாக ஆய்வு நிறுவனத்திடமே செல்லும். கம்பனி ஏறத்தாழ அரைவாசிச் செலவைத் தன் பங்காக ஏற்க வேண்டும். இதனால் திட்டம் தோற்றாலும், ஏன் தோற்றது என்ற அறிவு ஒரு பல்கலைக்கழகத்தில் எஞ்சி நிற்கிறது. மீன் வளர்ப்பைத் தொழிலாகச் செய்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என விலங்குப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. சூரிச் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் வேடன்ஸ்வில் வளாகம் அந்தப் பயிற்சியை வழங்குகிறது.

அரசு கைகொடுக்காத இடத்திலும் ஆய்வு நின்றுவிடவில்லை. இயற்கை விவசாயத்துக்கான பிபில் ஆய்வு நிறுவனம் 1973ஆம் ஆண்டில் ஒரு தனியார் அறக்கட்டளையாகவே தொடங்கப்பட்டது. அது அரச ஆய்வாளருடன் சேர்ந்து 1978இல் பாசல் நகருக்கு அருகே ஒரு நீண்டகாலச் சோதனையை ஆரம்பித்தது. இயற்கை முறையையும் வழமையான முறையையும் ஒரே மண்ணில் அருகருகே ஒப்பிடும் சோதனை அது. 21 ஆண்டுகளின் முடிவுகள் 2002இல் வெளியாகின. இயற்கை முறையில் விளைச்சல் ஏறத்தாழ 20 வீதம் குறைவு, பசளையும் சக்தியும் 34 முதல் 53 வீதம் குறைவு, மண்ணின் உயிர்வளம் அதிகம் என்பன அவற்றுள் முக்கியமானவை. இயற்கை விவசாயத்தை வளர்க்கவென்றே எழுந்த நிறுவனம், தனக்குச் சாதகமற்ற அந்த 20 வீதத்தையும் மறைக்காமல் வெளியிட்டது.

இலங்கையில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதம், கோட்டாபய ராஜபக்ச அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவித்தலில் தடைசெய்தது. நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று கூறப்பட்டது. எந்த மாவட்டத்தின் எந்த மண்ணில் எவ்வளவு இழப்பு வரும் என்பதற்கோ, சேதனப் பசளை எங்கிருந்து வரும் என்பதற்கோ விடை இருக்கவில்லை. நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டிருந்தது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அதே 2021ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி, செயற்கைக் கிருமிநாசினிகளைத் தடைசெய்யும் யோசனை சுவிற்சர்லாந்தில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. பத்து ஆண்டு மாறுதல் காலம் கொண்டிருந்த அந்த யோசனையையும் வாக்காளர் நிராகரித்தனர். அவர்கள் செய்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஒரு நாட்டில் பத்தாண்டு அவகாசமும் போதாது எனப்பட்டது, மற்ற நாட்டில் ஒரு போகத்துக்குக்கூட அவகாசம் தரப்படவில்லை.

கொழும்பைக் குறைகூறுவதோடு இது முடிந்துவிடாது. போர் முடிந்த பின்னர் புலம்பெயர் தமிழர் பலர் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காணி வாங்கி, கொடித்தோடை, பப்பாசி, முருங்கை, ஆடு, மாடு, கோழி எனப் பண்ணைகள் அமைத்து வருகின்றனர். நல்ல நோக்கம், உழைத்துச் சேர்த்த பணம், சிலவேளை வங்கிக் கடன்கூட. பணம் கிணற்றுக்கும் வேலிக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. திறப்பு விழாப் படம் இணையத்தில் வருகிறது. மண் பரிசோதனைக்கோ, கால் ஏக்கரில் இரண்டு போகம் சோதித்துப் பார்ப்பதற்கோ, கால்நடை மருத்துவரின் ஆலோசனைக்கோ வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பண்ணை மூடப்பட்டால் அதன் காரணம் குடும்பத்துக்குள்ளேயே புதைக்கப்படுகிறது. அடுத்த ஊரவர் அதே தவறை அதே விலைக்கு மீண்டும் வாங்குகிறார்.

கடலட்டையின் கதை இன்னும் கசப்பானது. பெருவிலைக்குப் போகும் வெள்ளைக் கடலட்டையின் குஞ்சுகளை உலகிலேயே முதன்முதலாகப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தது தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம். அது நடந்தது 1988ஆம் ஆண்டில். 2001இல் இந்தியா கடலட்டை பிடிப்பதைத் தடைசெய்தது. தமிழ்க் கடற்கரையில் பிறந்த அறிவு வியட்நாமிலும் மடகஸ்காரிலும் தொழிலாக வளர்ந்தது. பாக்கு நீரிணையின் மறுகரையில் அத்தொழில் வந்தபோது, 2021ஆம் ஆண்டு கௌதாரிமுனையில் சீன முதலீட்டுடனான பண்ணை ஒன்றுக்கு உள்ளூர்க் கடற்றொழிலாளர் எதிர்ப்புத் தெரிவிக்கும் நிலை ஏற்பட்டது. ஒரு களப்பு எத்தனை பண்ணை வேலிகளைத் தாங்கும், நீரோட்டம் எங்கே தடைப்படும், இறாலும் மீனும் வந்துபோகும் வழி எது என்பன சிறுதொழிலாளி தன் கையால் அளக்கக்கூடிய விடயங்கள் அல்ல. இவற்றைத் தொழில் வருவதற்கு முன்னரே அளந்து, தமிழில் பகிரங்கமாக வெளியிட்டிருந்தால் பூசல் முற்றாகத் தவிர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசுவதற்கு ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும்.

சுவிஸ் செல்வந்த நாடு, அங்கே ஆய்வுக்குப் பணமுண்டு, தாயகத்தில் சோற்றுக்கே வழியில்லாதபோது ஆய்வு எதற்கு என்று கேட்போர் உண்டு. இழப்பைத் தாங்க வசதியற்றவனுக்கே முன்கூட்டிய சோதனை அதிகம் தேவை என்பதே அதற்கான மறுமொழி. சோதனை என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று பொருளல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் கிளிநொச்சிக்குத் திரும்பிய நிறுவனம். அங்கு இறுதியாண்டு மாணவர் ஒருவரின் களச் சோதனைக்கு ஆகும் செலவு, இங்கே ஒரு பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தின் வாடகையைத் தாண்டாது. பண்ணையில் முதலிடும் ஒவ்வொரு குழுவும் தன் தொகையில் பத்திலொரு பங்கை இத்தகைய சோதனைக்கென ஒதுக்கி, முடிவு எதுவாயினும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். ஊர்ச்சங்கங்களுக்கு இது புதிய வழக்கமாக இருக்கும். கணக்கறிக்கையில் தோல்வியை எழுதுவது எவருக்கும் எளிதன்று.

பெற்றோர் சிந்திக்க வேண்டியது இன்னொன்று. இங்கு பிறந்த பிள்ளைகளில் மருத்துவமும் வங்கியும் கணினியும் தேடுவோர் பலர். விவசாயம் என்றால் பேரன் மீண்டும் மண்வெட்டி பிடிப்பதா என்று முகம் சுழிக்கும் அம்மப்பா இருக்கிறார். இந்நாட்டிலோ விவசாயி என்பவர் மூன்றாண்டுத் தொழிற்கல்வி முடித்துச் சான்றிதழ் பெற்றவர். தொழில்சார் மத்துறாவும் சித்தியெய்தினால் பேர்ணுக்கு அருகே சொலிக்கோபனிலுள்ள விவசாய உயர்கல்லூரியில் பட்டம் படிக்கலாம். உயிரியலில் ஆர்வமுள்ள ஓர் இளையவர், அங்கோ வேடன்ஸ்விலிலோ படித்து, தனது பட்ட ஆய்வை வன்னியில் செய்ய விரும்பினால் வீட்டில் தடை சொல்லாதிருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. அவருக்கு ஊர்ப் பேச்சு விளங்கும், ஆய்வறிக்கையின் மொழியும் விளங்கும். இரண்டையும் கொண்டவர் மிகச் சிலரே.

ஆய்வுக்குப் பொருள் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. பனை விதையை நடுபவர் அது ஆணா பெண்ணா என்று அறிய, அது பூக்கும் வரை பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்கிறார். நுங்கும் பனம்பழமும் தருவது பெண்பனை மட்டுமே. வடலிப் பருவத்திலேயே பாலை இனங்காட்டும், விவசாயியின் கைக்கெட்டும் விலையிலான ஒரு சோதனை கிடைத்தால் பனந்தோப்பைத் திட்டமிட்டு அமைக்க முடியும். கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சூரிச்சிலும் பேர்ணிலும் மரபணுவைப் பகுத்துப் பார்க்கும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கடிதம் எழுதவும் மாதிரிகளைச் சட்டப்படி அனுமதி பெற்றுக் கொண்டுவரவும் ஒருவர் வேண்டும், அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கான படிப்புச் செலவும் வேண்டும்.