துன்பம் தண்டனையா?

ஒரு வீட்டில் இளங்குழந்தை ஒன்று இறந்துவிடுகிறது. துக்கம் கேட்க வந்தவர்களுள் ஒருவர், “எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தார்களோ!” என்று கூறிப் பெருமூச்சு விடுகிறார். அவர் தீய எண்ணத்தோடு அவ்வாறு கூறவில்லை; இரக்கத்தோடுதான் கூறுகிறார். ஆயினும், குழந்தையைப் பறிகொடுத்த தாயின் செவியில் அச்சொல் எவ்வாறு விழும்? அதுவரை துன்பத்தால் வாடியவள், அச்சொல்லைக் கேட்டபின் குற்றவாளியாகவும் ஆகிவிடுகிறாள். துன்பம் ஒன்று, அது உன் பாவத்தின் பயன் என்னும் பழி மற்றொன்று. முன்னது இயற்கை தந்தது. பின்னது நாம் தருவது.

நல்லவர் துன்புறுவதும் தீயவர் இன்புற்று வாழ்வதும் உலகில் நாம் நாள்தோறும் காணும் காட்சிகள். இதற்குக் காரணம் யாது என்று மனிதன் தொன்றுதொட்டு வினவி வந்திருக்கிறான். துன்பம் அனைத்தும் கடவுள் அளிக்கும் தண்டனையே என்பது அவன் கண்ட விடைகளுள் ஒன்று. அவ்விடை பொருந்துமா என்பதைக் குறித்து, நம் நாட்டின் பெரியோர் இருவர் ஒருமுறை கருத்து வேறுபட்டனர். அவர்களுள் ஒருவர் காந்தியடிகள். மற்றவர் கவியரசர் இரவீந்திரநாத் தாகூர்.

1934-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள், பிற்பகல் 2 மணி கடந்து சிறிது நேரத்தில், பீகாரும் நேபாளமும் பெரும் நிலநடுக்கத்தால் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர் முதலிய நகரங்கள் இடிபாட்டுக் குவியல்கள் ஆயின. வட பீகாரில் நிலம் பல இடங்களில் பிளந்தது. பிளவுகளின் வழியே நீரும் மணலும் பொங்கி எழுந்து விளைநிலங்களை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. இரு நாடுகளிலும் 10,000-க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர்.

அக்காலத்தில் காந்தியடிகள் தீண்டாமையை ஒழிக்க வேண்டி நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். நிலநடுக்கம் நிகழ்ந்த ஒன்பதாம் நாள் அவர் நம் திருநெல்வேலியில் இருந்தார். அங்குப் பேசுகையில், இப்பேரழிவு தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் நமக்கு அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகக் கூறினார்.

அச்செய்தியைக் கேட்டுத் தாகூர் வருந்தினார். அவர் தீண்டாமையை ஆதரித்தவர் அல்லர். 1932-ஆம் ஆண்டில் எரவாடா சிறையில் அடிகள் உண்ணாநோன்பு இருந்தபோது, அங்கு விரைந்து சென்று, நோன்பு நிறைவுற்ற வேளையில் உடனிருந்தவர் அவர். அடிகளிடத்துப் பேரன்பு பூண்டவர். ஆயினும் அன்பிற்காக உண்மையை மறைக்க அவர் விரும்பவில்லை. இயற்கையின் நிகழ்ச்சிகளுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு என்றும், அவற்றை மக்களின் ஒழுக்கத்தோடு பிணைப்பது அறிவுக்குப் பொருந்தாது என்றும் அவர் எழுதினார். மேலும், இதே வாதத்தைத் தீண்டாமையை ஆதரிப்போரும் எடுத்தாளலாம் அன்றோ? பழைய வழக்கத்தை அடிகள் மாற்ற முயன்றதனாலேயே கடவுள் சினந்தார் என்று அவர்கள் கூறினால் நாம் என்ன விடை கூறுவது என்றும் வினவினார்.

அடிகள் அம்மறுப்பைப் புறக்கணிக்கவில்லை. தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, அதற்கு மறுமொழியும் எழுதினார். கடவுளின் சட்டங்களை முழுதும் அறிந்தவர் எவரும் இலர் என்றும், தம் நம்பிக்கை தம்மைப் பணிவுக்கும் கழிவிரக்கத்திற்கும் அழைத்துச் செல்கிறது என்றும் அவர் விளக்கினார். இருவரும் தத்தம் கருத்தில் உறுதியாக நின்றனர். ஆனால் ஒருவரை ஒருவர் இகழவில்லை. கருத்து வேறுபடுவோர் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவ்விருவருள் யார் கூறியது பொருந்தும்? அடிகளிடம் நாம் கொண்ட மதிப்புச் சிறிதும் குறையாமலே, இதில் தாகூரின் பக்கமே நியாயம் உண்டு என்று கூறலாம்.

தண்டனை என்பது யாது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். நேர்மையான தண்டனைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. குற்றம் இன்னது என்று குற்றவாளிக்குத் தெரிய வேண்டும். குற்றம் செய்தவனையே அது சேர வேண்டும். அவன் திருந்தவும் அதனால் வழி பிறக்க வேண்டும். வகுப்பில் ஒரு மாணவன் செய்த தவற்றுக்காக, ஆசிரியர் அடுத்த வகுப்பு மாணவர்களை, காரணமும் கூறாமல் அடிப்பாரேயானால், அவரை நீதிமான் என்று எவரேனும் போற்றுவரோ? பீகாரில் சுவர் இடிந்து விழுந்தபோது, அதன்கீழ் அகப்பட்டவர் யாவர்? தீண்டாமை என்னும் சொல்லின் பொருளையே அறியாத குழந்தைகளும் இருந்தனர். அக்கொடுமையைச் செய்தவர்களேயன்றி, அதனால் தலைமுறை தலைமுறையாக நொந்தவர்களும் இருந்தனர். குற்றம் செய்தவனையும் குற்றத்திற்கு ஆளானவனையும் ஒருங்கே நசுக்குவது தண்டனை ஆகுமா? மனிதரிடத்து நாம் பொறுக்காத ஒன்றைக் கடவுளின்மேல் ஏற்றுவது பக்தியும் ஆகாது.

நிலநடுக்கத்தின் காரணத்தை இன்று நாம் அறிவோம். இந்தியாவைத் தாங்கும் பெரும் பாறைத்தட்டு, ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அளவு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் தட்டினை நெருக்குகிறது. இமயமலை எழுந்ததே அந்நெருக்கத்தினால்தான். பல ஆண்டுகளாகச் சேர்ந்த அழுத்தம் ஒரு நாள் விடுபடும்போது நிலம் அதிர்கிறது. 1934-இல் நிகழ்ந்ததும் இதுவே. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தை மீண்டும் குலுக்கியதும் இதுவே. அப்பாறை எவருடைய பாவ புண்ணியத்தையும் கணக்கிட்டு நகர்வதில்லை.

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரம் 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நிலநடுக்கத்தால் அழிந்தது. அன்று கிறித்தவப் புனிதர் அனைவருக்கும் உரிய திருநாள். மக்கள் கோவில்களில் வழிபட்டுக்கொண்டிருந்தபோதே கூரைகள் அவர்கள்மேல் சரிந்தன. இது பாவத்தின் தண்டனை என்று சில குருமார் உரைத்தனர். ஆனால் அமைச்சர் பொம்பால், இறந்தோரை அடக்கம் செய்யவும் இருப்போரைக் காக்கவும் முற்பட்டார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை வீடுகள் இடிந்தன என்று ஊர்தோறும் வினாக்கள் அனுப்பி விவரம் திரட்டச் செய்தார். புதிய வீடுகள் அதிர்ச்சியைத் தாங்குமாறு சுவர்களுக்குள் மரச்சட்டங்கள் அமைக்கப்பட்டன. ‘யார் செய்த பாவம்?’ என்னும் வினாவால் ஒரு சுவர்கூட எழவில்லை. ‘இனி என்ன செய்வது?’ என்னும் வினாவினால் ஒரு நகரமே எழுந்தது.

துன்பத்தைத் தண்டனையெனக் கருதுவதில் மற்றொரு கேடும் உண்டு. தொழுநோயாளரை உலகின் பல நாடுகளிலும் பாவிகள் என்று ஒதுக்கி வைத்தனர். அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இன்று அது மருந்தினால் குணமாகும் நோய். கிருமி உடலை மட்டுமே வருத்தியது. பாவம் என்னும் பழியோ, மனைவி மக்களையும் ஊரையும் அவர்களிடமிருந்து பிரித்தது.

தீண்டாமையும் இத்தகைய பழியின்மேல்தான் நிலைபெற்றிருந்தது. தாழ்ந்தவன் எனப்பட்டவனை நோக்கி, முற்பிறவித் தீவினையால் நீ இவ்வாறு பிறந்தாய் என்றார்கள். அவன் துன்பமே அவன் குற்றத்திற்குச் சான்று ஆயிற்று! கொடுமை செய்தவனுக்கு இதைவிட வசதியான கொள்கை வேறு இல்லை. அடிகள் அதே படைக்கலத்தைக் கொடுமை செய்தவர்பால் திருப்ப எண்ணினார், நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அப்படைக்கலம் எளியவரைக் குத்தவே நெடுங்காலம் பழகியது. அதைக் கையாளாமல் விடுவதே நன்று.

எனினும் அடிகளின் கூற்றில் நாம் கொள்ளத்தக்க ஓர் உண்மையும் உண்டு. அவர், ‘நீங்கள் பாவிகள்’ என்று பீகார் மக்களைச் சுட்டவில்லை. ‘நம் பாவம்’ என்று தம்மையும் சேர்த்தே கூறினார். துன்பம் வந்தபோது, ‘நான் செய்த தவறு ஏதேனும் உண்டோ?’ என்று ஒருவன் தன்னைத்தானே வினவுவது நன்று. அஃது அவனை உயர்த்தும். அதே வினாவைப் பிறன் துன்புறும்போது அவன்மேல் வீசுவது தீது. அஃது இரக்கத்தைக் கொல்லும்.

செயலிலும் அடிகள் இரக்கத்தையே பின்பற்றினார். சிறைவாசத்திலிருந்து விடுதலை பெற்ற இராசேந்திர பிரசாத் துயர் துடைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அடிகளும் மார்ச்சுத் திங்களில் பீகார் சென்று, இடிந்த ஊர்களைக் கண்டு, நொந்தவர்க்கு ஆறுதல் கூறினார். பசித்தவனுக்குச் சோறு இடும்போது, அவன் பாவியா புண்ணியவானா என்று எவரும் ஆராயவில்லை.

தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்ததும் நிலநடுக்கம் அன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவே அதை ஒழித்தது. அச்சட்டத்தின் பின்னால் எண்ணற்ற மக்களின் போராட்டம் இருந்தது. மனிதன் செய்த தீமையை மனிதனே அகற்ற வேண்டும். இயற்கை தந்த துன்பத்தை அறிவாலும் அன்பாலும் குறைக்க வேண்டும். எஞ்சிய துன்பத்திற்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடை கிடைக்காமலே போகலாம். ஆனால் துன்புறுபவன் நம் வாயிலில் நிற்கும்போது, நாம் செய்ய வேண்டியது யாது என்பதில் ஐயம் இல்லை. அவன் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டா, கையைப் பற்றுவோம்.