தைத்து மூடிய தலையணைக்குள் என்ன இருக்கிறது?
தேனி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேனி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

போடிநாயக்கனூரில் வீட்டிலேயே இலவம்பஞ்சுத் தலையணையும் மெத்தையும் தைத்து விற்கும் சுயதொழில்காரி நான். கடனோ மானியமோ கேட்டு இதை எழுதவில்லை. கடனுக்குத் திட்டங்கள் இருக்கின்றன. மாநில அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு, அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. பயிற்சி முகாம்களுக்கும் பஞ்சமில்லை. எங்களுக்குத் தைக்கத் தெரியும். தைத்ததை விற்கிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். அதில் தங்கள் அலுவலகம் மனம் வைத்தால் அவிழக்கூடிய மூன்று முடிச்சுகளை மட்டும் சொல்கிறேன்.

போடி என்றதும் வெளியூர்க்காரர் கேட்பது ஏலக்காய். போடிமெட்டு மலைக்கு அந்தப்பக்கம் விளைவதும் இந்தப்பக்கம் விளைவதும் இங்கேதான் தரம் பிரிந்து, மூட்டை கட்டி, நாடெங்கும் போகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் 2007 முதல் இந்த ஊரில் நடக்கிறது. ஏலக்கூடத்தில் வியாபாரி முன்னால் மாதிரிக் காய் வந்துவிடும். அவர் பச்சை நிறம் பார்ப்பார், 8 மில்லிமீட்டர் தேறுமா என்று பார்ப்பார், ஒன்றிரண்டை உடைத்து விதை பார்ப்பார், பிறகுதான் விலை சொல்வார். காயை விளைவித்தவரை அவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. காயைக் கண்ணால் பார்க்கிறார், அது போதும்.

அதே ஊரின் இன்னொரு சரக்கு எங்களுடையது. குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைச்சரிவுத் தோட்டங்களில் இலவ மரம் நிற்கிறது. பங்குனி, சித்திரையில் காய் இறங்கும். வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, பெண்கள் உட்கார்ந்து பஞ்சை உருவுவார்கள். பருத்திப் பஞ்சைப் போல இது விதையில் ஒட்டிக்கொண்டு வளர்வதில்லை. காயின் உட்சுவரில் முளைக்கிறது, விதை நடுவில் தனியாகக் கிடக்கிறது. அதனால் அடித்தாலே விதை உதிர்ந்துவிடும். விதை எண்ணெய்க்குப் போகும், ஓடு அடுப்புக்குப் போகும். பஞ்சு அடைக்கிற அறையில் மின்விசிறி போட முடியாது. போட்டால் சரக்கு பாதி கூரையில் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கோடு போட்ட மெத்தைத் துணி உறைக்குள் பிடி பிடியாகத் திணித்து, நான்கு மூலைக்கும் குச்சியால் தள்ளி, எடை பார்த்து, வாயைத் தைக்க வேண்டும்.

வாயைத் தைத்த அந்த நொடியில்தான் எங்கள் வியாபாரத்தின் வினை தொடங்குகிறது. ஏலக்காயைப் பார்த்து வாங்கலாம், தலையணையைப் பார்த்து வாங்க முடியாது. உள்ளே முழுக்க இலவம்பஞ்சா, பாதி மில் கழிவுப் பஞ்சா, பழைய தலையணையைப் பிரித்து அடித்த பஞ்சா, பாலியஸ்டர் பஞ்சா என்று தையலுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. நல்லதும் கலப்படமும் ஒரே நிறத் துணியில், ஒரே உருண்டையாக, சாலையோரம் ஒரே கம்பியில் தொங்குகின்றன. கலப்படம் செய்தவர் விலையைக் குறைத்துச் சொல்ல முடியும். நியாயமாக அடைத்தவரால் அந்த விலைக்கு இறங்க முடியாது. வாங்குபவரும் ஏமாளி இல்லை. ஒருமுறை கட்டி கட்டியாகப் போன தலையணையை வாங்கியவர், மறுமுறை யார் வைத்திருந்தாலும் மலிவானதைத்தான் கேட்பார், அல்லது நேரே கடைக்குப் போய் நுரைத் தலையணை வாங்கிவிடுவார். இதில் நல்ல சரக்குதான் முதலில் சந்தையை விட்டு ஓடுகிறது.

ஐயப்படுகிறவருக்கு நான் காட்டுவது இரண்டு சோதனைகள். தையலில் ஒரு விரல் நுழையும் அளவு வாய் விட்டு வைத்திருப்பேன். அதிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை அவரையே உருவச் சொல்லி, தண்ணீர் டம்ளரில் போடச் சொல்வேன். இலவம்பஞ்சின் இழை உள்ளே காற்று நிறைந்த குழல், வெளியே மெழுகுப் பூச்சு. விரலால் அமுக்கினாலும் எழும்பி வந்து மிதக்கும், நனையாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காக்கும் அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். கழிவுப் பருத்தி கொஞ்ச நேரத்தில் நீர் குடித்து இறங்கிவிடும். ஆனால் பாலியஸ்டரும் மிதக்கும், அதைத் தண்ணீரில் பிடிக்க முடியாது. அதற்குத் தீக்குச்சி. இலவம்பஞ்சு பொசுக்கென்று பற்றி, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கறுப்பு மணியாக இறுகி, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். பார்த்தவர் பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார். ஆனால் ஒவ்வொரு தலையணைக்கும் டம்ளரும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் வித்தை காட்டுவது? நான் இல்லாத இடத்தில் என் தலையணைக்கு யார் சாட்சி சொல்வது?

ஆகவே முதல் கோரிக்கை, ஒரு முத்திரை. இது புதிய யோசனை இல்லை. பட்டுக்கும் இதே சிக்கல் இருந்தது. சேலையைத் தடவிப் பார்த்துச் சுத்தப் பட்டு என்று சொல்ல எல்லோராலும் முடியாது. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் சில்க் மார்க் கொண்டுவந்தது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பதைத் தடுக்க 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. மாவட்ட அளவில், அதைவிட எளிமையாக, ஒன்று செய்யலாம். தலையணை உறையின் தையலுக்குள் சேர்த்துத் தைக்கிற ஒரு துணிச்சீட்டு. அதில் நான்கே விவரம் போதும்: உள்ளே என்ன பஞ்சு, எத்தனை கிராம், எந்த மாதம் அடைத்தது, அடைத்தவரின் பதிவு எண். மாவட்டத் தொழில் மையம் எங்களைப் பதிவு செய்யட்டும். சீட்டு எண்ணிக் கொடுக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை எவருடைய சரக்கிலாவது முன்னறிவிப்பு இல்லாமல் ஒன்றைப் பிரித்துப் பார்க்கட்டும். தகராறு வந்தால் கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடத்தில் இழையைச் சோதித்துக்கொள்ளலாம். பொய் சீட்டு தைத்தவரின் எண்ணை நீக்கி, அதைப் பேருந்து நிலையத்தில் ஒட்டிவிடுங்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சீட்டுக்கான செலவை நாங்களே கொடுக்கிறோம்.

புவிசார் குறியீடு வாங்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் அது கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் திராட்சையைக் கொத்தோடு பார்க்கலாம், ஒன்றைத் தின்று பார்க்கலாம். எங்களுக்கு ஊர்ப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கலப்படமும் விற்கிறது. உறைக்குள் இருப்பதை யாரும் சோதிக்காத வரை, பெயருக்குப் பட்டயம் கிடைத்தால் கலப்படக்காரருக்கும் அது சேர்ந்தே கிடைக்கும். முதலில் சோதனை வரட்டும், குறியீடு பிறகு வரலாம்.

இரண்டாவது கோரிக்கை, விற்க இரண்டு இடம். இணையத்தில் விற்கலாமே என்பார்கள். பஞ்சு லேசு, பார்சல் கனம். தனியார் கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, 5,000ஆல் வகுத்து, வருவதை எடையாகக் கொள்கின்றன. 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 20 உயரம் உள்ள தலையணைக்கு அந்தக் கணக்கில் எடை 9.6 கிலோ. உள்ளபடி அது 2 கிலோகூட வராது. காற்றை உறிஞ்சித் தட்டையாக்கி அனுப்பலாம் என்றால், அளவு மீறி அமுக்கினால் இழையின் குழல் நொறுங்கிவிடும், பிறகு வெயிலில் வைத்தாலும் முன்போல உப்பாது. தலையணையின் விலையோடு போட்டி போடுகிற கூரியர் கட்டணத்தை யார் கொடுப்பார்? இந்தச் சரக்கு விற்க நல்ல வழி, வாங்கியவரே கையில் தூக்கிக்கொண்டு போவதுதான். வாங்கக்கூடியவர்கள் தினமும் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள்.

மதுரை – போடி ரயில் பாதை 1928இல் போட்டது. அகலப் பாதையாக்க 2010 முடிவில் நிறுத்தியது, 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்ப வந்தது. சென்னை ரயிலும் அன்று முதல் வாரத்தில் மூன்று நாள் வருகிறது. ஊருக்குத் திரும்புகிறவர் கையில் ஒரு தலையணை கொடுத்தனுப்ப இதைவிட வசதி வேறு இல்லை. ரயில் நிலையங்களில் உள்ளூர்க் கைவினைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில், முறை வைத்துக் கடை ஒதுக்கும் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டத்தை ரயில்வே 2022இல் தொடங்கியது. போடி நிலையத்தில் சீட்டு தைத்த இலவம்பஞ்சுச் சரக்குக்கும் அதில் முறை கிடைக்கும்படி மதுரைக் கோட்டத்துக்குத் தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினால் போதும். எங்கள் கடிதத்துக்குக் கிடைக்கிற மரியாதை வேறு, ஆட்சியர் கடிதத்துக்குக் கிடைக்கிற மரியாதை வேறு.

இன்னோர் இடம் போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மூணாறு போகிற வண்டிகள் மேட்டில் தேநீருக்கு நிற்காமல் போவதில்லை. சாலை அகலமான பிறகு வண்டிகளும் கூடிவிட்டன. அங்கே மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மதி அங்காடி போல ஒரு சிறு கடை கேட்கிறோம். கேட்பது வெறும் இடம் இல்லை, கூரையும் கதவும் உள்ள இடம். மதியத்துக்கு மேல் மேட்டில் மூட்டம் இறங்கினால், வெளியே தொங்குகிற தலையணை உறை ஈரம் பாய்ந்து, நாலு நாளில் பூஞ்சை வாடை அடிக்கும். வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்களால்தான் முடியும்.

மூன்றாவது முடிச்சு அந்த மேட்டிலேயே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள சின்னக்கானல், சூரியநெல்லி, மூணாறு விடுதிகள் எங்களுக்கு இயல்பான வாடிக்கையாளர்கள். குளிர் மலையில் இலவம்பஞ்சு மெத்தை கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் மாநில எல்லை தாண்டிச் சரக்கு அனுப்புகிறவர், விற்பனை எவ்வளவு சிறியதானாலும், ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ராமேசுவரம் வரை பதிவில்லாமல் விற்கலாம். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பூப்பாறைக்கு ஒரு தலையணை அனுப்பப் பதிவும், கணக்குத் தாக்கலும், கணக்கருக்குச் சம்பளமும் வேண்டும். 2023 அக்டோபர் முதல் பதிவில்லாத சிறு விற்பனையாளரும் இணையச் சந்தையில் சேரலாம் என்று தளர்த்தினார்கள். அந்தச் சலுகையும் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது.

கைவினைப் பொருளுக்கு மட்டும் இதில் விலக்கு இருக்கிறது. 2018 அக்டோபர் அறிவிக்கைப்படி, விற்பனை வரம்புக்கு உட்பட்ட கைவினைஞர் பான் எண்ணும் இ-வே பில்லும் வைத்துக்கொண்டு பதிவில்லாமலே வெளிமாநிலத்துக்கு விற்கலாம். அந்தப் பொருள் பட்டியலில் மூங்கில் சாமான் இருக்கிறது, புல், இலை, நாரில் முடைந்த பாய் இருக்கிறது, தென்னை நார் மெத்தையும் இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை இல்லை. தென்னை நார் மெத்தை கைவினை என்றால், பஞ்சு உருவுவது முதல் வாயைத் தைப்பது வரை கையால் நடக்கிற எங்கள் மெத்தை எந்த வகையில் குறைந்தது? பட்டியலைத் திருத்துவது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்று தெரியும். அது ஜி.எஸ்.டி. மன்றத்தின் வேலை. அங்கே நம் மாநிலத்துக்கும் ஓர் இருக்கை உண்டு. ‘இலவம்பஞ்சு மெத்தை, தலையணை’ என்ற மூன்று சொற்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மாவட்டத்திலிருந்து வணிகவரித் துறைக்கு ஒரு முன்மொழிவு போனால்தானே அது அந்த இருக்கை வரை எட்டும்?

எங்கள் தரப்பையும் மறைக்கக் கூடாது. கலப்படம் செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்து குதிக்கவில்லை, எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். சிலர் பேராசையால் செய்கிறார்கள். பலர், காய் விலை ஏறும் மாதத்தில் பழைய விலைக்கே சரக்கு கேட்கிற மொத்த வியாபாரியை இழக்க மனமில்லாமல் செய்கிறார்கள். முத்திரை வந்தால் எங்களில் சிலர் வெளியே நிற்க நேரும். அதற்குச் சம்மதித்துத்தான் கேட்கிறேன். எடையும் இழையும் எழுதிய சரக்குக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைத்தால், கலக்க வேண்டிய கட்டாயம் பாதிப்பேருக்குத் தானாகவே போய்விடும்.

மூன்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. சீட்டு முதலில் வர வேண்டும். அது இல்லாமல் நிலையத்தில் கடை போட்டால் அங்கேயும் கலப்படம்தான் ஏறும். பட்டியலில் சேர்ந்தாலும் மூணாறு விடுதிக்காரர் ஒருமுறை வாங்கி, மறுமுறை வாங்கமாட்டார். அடுத்த காய்ப்பருவம் பங்குனியில் தொடங்குகிறது. அதற்குள் மாவட்டத் தொழில் மையம், தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு, மகளிர் திட்டம் மூன்றின் அலுவலர்களையும் தைப்பவர்களையும் ஒரு நாள் போடியில் கூட்டுங்கள். சீட்டின் வாசகத்தை அங்கேயே எழுதி முடித்துவிடலாம். புதுப் பஞ்சில் தைக்கிற முதல் தலையணையிலேயே அதைச் சேர்த்துத் தைக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தலையணை தைப்பவள் ஒருத்தி,
போடிநாயக்கனூர்.